கிளையில் ரம்பம் வைப்பதற்கு முன்: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் மரம் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ஓசூர் வீட்டு மனை, காவேரிப்பட்டணம் மாந்தோப்பு, தருமபுரி ரோட்டோரப் புளியமரத்தடி என்று இடம் மாறினாலும் மரம் பற்றிய சந்தேகங்கள் பெரிதாக மாறுவதில்லை. அடிக்கடி காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறோம். முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை.

மரத்தை எந்த மாசத்துல கழிக்கலாம்? அமாவாசை பார்க்கணுமா?

காய்ந்த கிளை, முறிந்து தொங்கும் கிளை இரண்டையும் எந்த நாளிலும் எடுக்கலாம். பச்சைக் கிளைக்குத்தான் காலம் பார்க்க வேண்டும். வேம்பு, புங்கன், தூங்குமூஞ்சி போன்ற நிழல் மரங்களுக்குத் தை, மாசி நல்லது. புதுத்துளிர் வரும் நேரம் என்பதால் வெட்டுக்காயம் சீக்கிரம் மூடும். பங்குனி, சித்திரையில் கோடைமழைக்கு முன் அடிக்கும் சுழல்காற்றுக்கும் கனமான கிளைகள் குறைந்திருக்கும். புளிக்கு, காய் உலுக்கி முடித்த கையோடு.

மாமரக் கணக்கு வேறு. இங்கே மா பெரும்பாலும் மார்கழி, தையில் பூக்கிறது. அந்தப் பூ வர வேண்டிய கொழுந்து அதற்கு முன் மூன்று நான்கு மாதமாவது முற்றியிருக்க வேண்டும். அதனால் அறுவடை முடிந்ததும், ஆவணி தாண்டாமல் கழித்துவிடுங்கள். ஐப்பசியில் கழித்தால் அந்த வருடம் தழைதான் வரும், பூ வராது. எந்த மரமானாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெரிய வெட்டு வேண்டாம். ஈரக் காயத்தில் பூஞ்சை எளிதாக ஏறும். அமாவாசை பார்ப்பது கட்டையில் உளு (மரத்தைத் துளைக்கும் பூச்சி) விழாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்படுவது. நிற்கிற மரத்துக்கு அதில் ஒன்றும் இல்லை.

வருஷா வருஷம் மொட்டையடிச்சா நல்லாத்தானே தழைக்குது? அதுல என்ன தப்பு?

தழைக்கும். இலை மொத்தமும் போனால் சமையலறை போன மாதிரி என்பதால், மரம் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து அவசரமாகப் போத்து (புதுக் கிளைத்துளிர்) விடுகிறது. பிரச்சினை அந்தப் போத்து ஒட்டியிருக்கும் விதத்தில். இயல்பாக வளரும் கிளையின் கட்டை வருடா வருடம் தண்டின் கட்டையோடு பின்னிப் பின்னி வளரும். மொட்டையடித்த இடத்துப் போத்து பட்டைக்கு அடியிலிருந்து கிளம்புவதால் மேலடுக்கில் மட்டுமே பிடித்திருக்கும். அதே நேரம் வெட்டின அகலமான முகம் உள்ளே மக்கிக்கொண்டு போகும். நாலைந்து வருடத்தில் போத்து தொடை கனத்துக்கு வந்திருக்கும், அதன் அடி மட்டும் சொத்தைக் கட்டையில் நிற்கும். கோடைக்காற்றில் கார் மேல் விழுவது பெரும்பாலும் இந்த மாதிரிக் கிளைகள்தான். பயத்தில் மறுபடி மொட்டையடிப்பார்கள், கதை தொடரும்.

ஒரு வருடத்தில் மொத்த இலையில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். கிழட்டு மரத்தில் அதையும் குறையுங்கள். உயரத்தைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால், நீண்ட கிளையை அதிலிருந்து பிரியும் பக்கக்கிளை வரை வெட்டுங்கள். அந்தப் பக்கக்கிளை, வெட்டுகிற கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அப்போதுதான் அது நுனியின் வேலையை எடுத்துக்கொள்ளும், கண்டபடி போத்து வெடிக்காது.

ஏற்கெனவே மொட்டையடித்த மரம் என்றால், ஒவ்வொரு வெட்டு முனையிலும் வெளிப்பக்கம் பார்த்த இரண்டு மூன்று வலுவான போத்துகளை விட்டு, மற்றதை இரண்டு மூன்று வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியுங்கள். ஒரே நாளில் சரிசெய்ய முடியாது.

ஒரு கிளையை எடுக்க அப்படி என்ன முறை? அருவாள்ல நாலு போடு போட்டா விழுந்துடாதா?

விழும். விழும்போது தண்டுப் பட்டையையும் இரண்டு அடிக்கு உரித்துக்கொண்டு போகும். அந்த உரிப்பு ஆறப் பல வருடம் ஆகும். கட்டை விரல் பருமனுக்கு மேற்பட்ட எதையும் ரம்பத்தால், மூன்று வெட்டாக எடுங்கள்.

முதல் வெட்டு தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில், கால் பங்கு ஆழத்துக்கு. இரண்டாவது வெட்டு அதைவிட இரண்டு மூன்று அங்குலம் வெளியே தள்ளி, மேலிருந்து கீழாக. இப்போது கிளை முறிந்தாலும் உரிப்பு முதல் வெட்டோடு நின்றுவிடும். மூன்றாவது வெட்டு தண்டில் மிச்சம் நிற்கும் குட்டைத் துண்டுக்கு, அதாவது முட்டுக்கு. இதில்தான் கவனம் வேண்டும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் பட்டை வளையமாகத் தடித்துச் சுருங்கியிருக்கும். காயத்தை மூடும் திசு அந்த வளையத்தில் இருக்கிறது. அதற்கு ஒட்டி வெளியே வெட்டுங்கள், வளையத்தை வெட்டாதீர்கள். ‘தண்டோடு வழவழன்னு சீவிடுங்க’ என்று கேட்கிறவர்கள் அதையும் சேர்த்துச் சீவச் சொல்கிறார்கள். நேர் எதிராக, முளைக்குச்சி மாதிரி அரை அடி முட்டு விட்டாலும் தப்பு. அது காய்ந்து மக்கி, அழுகல் உள்ளே போக வழி செய்துவிடும். சரியான வெட்டில் அடுத்த வருடம் சுற்றிலும் ஒரே அளவில் தடித்த விளிம்பு எழும். விளிம்பு ஒரு பக்கம் மட்டும் வந்தால் வராத பக்கம் வளையம் போயிருக்கிறது.

வெட்டின இடத்துல சாணி, தார், பெயிண்டு, எது பூசறது?

நிழல் மரத்துக்கு எதுவும் வேண்டாம். தாரும் பெயிண்டும் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும், மேலே வெடிப்பு விடும், அந்த வெடிப்பில் அழுகல் வேலை செய்யும். முறையாக வெட்டிய காயத்தை மரம் தானே மூடிக்கொள்ளும்.

மாமரம் விதிவிலக்கு. இங்கே தண்டுத்துளைப்பான் வண்டும் நுனிக்கருகல் நோயும் அதிகம் என்பதால் இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட வெட்டுக்கெல்லாம் போர்டோ பசை பூசுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரில் நீற்றி, ஆறவிட்டு வடிகட்டுங்கள். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளி, மரக்குச்சி மட்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. துலக்கிய கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். அன்றே பூசி முடித்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் வீரியம் போய்விடும். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பசையாகப் பூசலாம்.

"காசு வேணாம்ணா, கட்டையை மட்டும் எடுத்துக்கறேன்" னு ஒருத்தர் வந்திருக்காரு. விட்டுடலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கூலிக்குப் பதில் கட்டை எடுப்பவருக்கு எடை உள்ள கட்டையில்தான் ஆதாயம். உங்கள் மரத்தில் போக வேண்டியது காய்ந்த குச்சியும் உரசுகிற சிறு கிளையும். அவருக்கு அதில் ஒரு டீ காசும் தேறாது. அதனால் கை தானாகத் தடித்த வாதுக்கு (பெரிய கிளைக்கு) போகும், மாலைக்குள் மரம் மொட்டையாகும். மனுஷர் கெட்டவர் இல்லை, பேசிய பேரம் அப்படி.

நாள்கூலி பேசுங்கள். கட்டை வீட்டுக்காரருக்கே, அதை விற்பது தனிக் கணக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெட்ட வேண்டிய கிளைகளில் ஏறுவதற்கு முன்பே சுண்ணாம்பாலோ சிவப்புத் துணியாலோ அடையாளம் வையுங்கள். கயிறு கட்டி இறக்குவாரா, அப்படியே தள்ளுவாரா, குப்பையை யார் அள்ளுவது, ஓடு உடைந்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். மரத்தைச் சுற்றி ஒரு நடை வந்து பார்க்காமலேயே விலை சொல்கிறவரை அனுப்பிவிடுங்கள்.

தாத்தா காலத்து மாந்தோப்பு. மரம் 40 அடி போயிடுச்சு, காய் எல்லாம் உச்சியில. அடியோட வெட்டிப் புதுசு வைக்கணுமா?

அடிமரம் திடமாக இருந்தால் வெட்ட வேண்டாம். மேலே சொன்ன கால் பங்கு விதியை மீறும் ஒரே வேலை இது. மா தாங்கும், ஆனால் முறையாகச் செய்தால்தான். அறுவடை முடிந்ததும், தரையிலிருந்து 12 முதல் 15 அடி உயரத்தில், முதன்மைக் கிளைகளைத் தொடாமல் அவற்றிலிருந்து பிரியும் அடுத்த நிலைக் கிளைகளை வெட்டுங்கள். ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் வெட்டாமல், நடுவில் நேராக ஏறும் கிளைகளை முதல் வருடமும் மீதியை அடுத்த இரண்டு வருடமுமாக எடுத்தால் மரத்துக்கும் நல்லது, வருமானமும் முழுதாக நிற்காது.

வெட்டின முகத்தில் போர்டோ பசை. இத்தனை காலம் நிழலில் இருந்த பட்டை திடீரென வெயிலில் வெந்து வெடிக்கும் என்பதால் தண்டிலும் வெளித்தெரியும் கிளையிலும் சுண்ணாம்பு அடியுங்கள். சில வாரத்தில் கொத்துக் கொத்தாகப் போத்து வரும். அப்படியே விட்டுவிடுவதுதான் பெரும்பாலான தோப்புகளில் நடக்கும் தவறு. இரண்டே வருடத்தில் பழைய காடு திரும்பிவிடும். போத்து ஒரு அடி வந்ததும், கிளைக்கு மூன்று நான்கு மட்டும், வெளிப்பக்கம் பார்த்ததாக விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். நல்ல காய்ப்புக்கு இரண்டு மூன்று வருடம் பொறுக்க வேண்டும்.

ரகம் பிடிக்கவில்லை, பழையது கொட்டைக்கன்று என்றால், இந்தப் போத்துகளிலேயே வேறு ரகம் ஒட்டலாம். சந்தூர்ப் பக்கம் நாற்றங்காலில் ஒட்டுக்கட்டும் கைகள் நிறைய உண்டு. பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பையூர் 1, நீலம் ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த, படராத ரகம். மறுபடி 40 அடி வேண்டாம் என்பவர்களுக்கு அது ஏற்றது.

மாமரத்து அடியில மரத்தூள் கொட்டுது, பிசின் வடியுது. மருந்து அடிச்சும் நிக்கல.

தண்டுத்துளைப்பான். வண்டு பட்டை இடுக்கில் முட்டை வைக்கும், புழு விரல் நீளத்துக்கும் மேலாக உள்ளே வளரும். இலையில் அடிக்கும் மருந்து அதைத் தொடவே தொடாது. கொட்டிய தூளைத் துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். புதுத்தூள் எந்த ஓட்டையில் வருகிறதோ அதில்தான் ஆள் இருக்கிறது. சைக்கிள் பிரேக் வயரின் நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டுத் திருகி இழுங்கள். நுனியில் வெள்ளைச் சதையும் ஈரமும் ஒட்டி வந்தால் மாட்டிவிட்டது. பிறகு பெட்ரோலில் நனைத்த பஞ்சைத் திணித்துக் களிமண்ணால் அடையுங்கள். ஒரு வாரம் கழித்தும் தூள் வந்தால் மறுபடி.

செல்பாஸ் மாத்திரை வைக்கச் சொல்வார்கள். அதிலிருந்து வரும் வாயு ஆளைக் கொல்லும், வீட்டு மரத்தில் அந்த யோசனையே வேண்டாம். செத்த மாமரத்தையும் வெட்டிய பச்சைக் கட்டையையும் தோப்பில் அடுக்கி வைக்காதீர்கள், அடுத்த தலைமுறை வண்டு அங்கிருந்துதான் வரும்.

புல்லுருவியைப் பிச்சுப் போட்டாலும் திரும்ப வருதே?

பிய்ப்பது வெளியே தெரியும் தழையை மட்டும். அதன் வேர் கிளைக் கட்டைக்குள் ஊடுருவியிருக்கும். முடிச்சு மாதிரி வீங்கிய இடத்துக்கு ஒரு அடி கீழே, அதாவது தண்டுப் பக்கமாக, கிளையோடு வெட்டுங்கள். முதன்மைக் கிளையிலேயே பிடித்திருந்து வெட்ட முடியாவிட்டால், தழையைத் தொடர்ந்து ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பழுக்கும் முன் எடுப்பது முக்கியம். பிசுபிசுத்த விதையைக் குருவிகள் பக்கத்துக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். ஒரு தோப்பு மட்டும் சுத்தம் செய்து பலனில்லை, வேலிக்கு அந்தப்புறம் இருப்பவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேப்பமரம் தீ வச்ச மாதிரி நுனி கருகி நிக்குது. செத்துடுச்சா?

அநேகமாக இல்லை. மழைக்காலத்தில் ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சையும், இளந்தளிரில் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற பூச்சியும் செய்யும் வேலை. பெரிய மரம் மாசி, பங்குனியில் பெரும்பாலும் துளிர்த்துவிடும். அதுவரை கோடாரியை எடுக்காதீர்கள். சந்தேகமிருந்தால் கிளையில் நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். அடியில் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. கைக்கு எட்டும் கன்று என்றால் கருகிய நுனியை, இரண்டு அங்குலம் பச்சையும் சேர்த்து நறுக்கி எரித்துவிட்டு, லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் தெளிக்கலாம். 40 அடி மரத்துக்கு மருந்தடிப்பது காசைக் காற்றில் விடுவது.

காய்க்காத மரத்துல ஆணி அடிச்சா காய்க்குமாமே?

பட்டையில் காயம் பட்டால் இலையில் செய்த சத்து கீழே இறங்குவது கொஞ்சம் தடைப்படும். அதனால் எப்போதாவது பூத்திருக்கலாம், நம்பிக்கை அங்கிருந்து வந்திருக்கும். ஆணித் துளையில் அழுகல் இறங்குவது மட்டும் நிச்சயம். அதற்குப் பதில் காரணத்தைத் தேடுங்கள்: பக்கத்து மரத்தின் நிழல், ஐப்பசி முதல் மார்கழி வரை தினமும் தண்ணீர் விடுவது, தவறான மாதத்தில் கழித்தது (முதல் பதில்), அல்லது ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்க்கும் அல்போன்சா குணம்.

பொந்துல சிமெண்டு வச்சு அடைச்சா மரம் பலமாகுமா?

ஆகாது. மரம் காற்றில் அசையும், சிமெண்டு அசையாது. இரண்டுக்கும் இடையில் இடுக்கு விழுந்து தண்ணீர் தேங்கும். பின்னாளில் வெட்டும்போது ரம்பச் சங்கிலியும் அதில் மாட்டி அறுந்துபோகும். மக்கித் தானாக உதிர்வதை மட்டும் எடுத்துவிட்டு, சுற்றுச்சுவரை நோண்டாமல் விடுங்கள். உள்ளே சொத்தையை வழித்து ‘சுத்தம்’ செய்தால் மரம் தானே போட்டிருந்த தடுப்பையும் உடைத்துவிடுவீர்கள். பொந்து இருப்பதாலேயே மரம் விழாது. கெட்டியான சுவர், தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே மெலிந்தால்தான் கவலை. பட்டையில் மண்புற்று ஏற்றும் கரையானும் பெரும்பாலும் செத்த பட்டையைத்தான் தின்கிறது. சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தால் போதும்.

வீட்டுப் பக்கமா சாஞ்சிருக்கு. விழுமா விழாதா, எப்படித் தெரிஞ்சுக்கறது?

சிறு வயதிலேயே சாய்ந்த மரம் என்றால் நுனி நிமிர்ந்து மேல் நோக்கி வளைந்திருக்கும். அது பிறவிச் சாய்வு, பயமில்லை. மழைக்குப் பிறகு புதிதாகச் சாய்ந்ததா என்று பாருங்கள். சாய்வுக்கு எதிர்ப்பக்கத் தரையில் பிறை வடிவ வெடிப்பு, மண் மேலே தூக்கியிருப்பது, காற்றில் அடிமண் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்குவது இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே அந்தப் பக்க அறையைக் காலி செய்யுங்கள்.

அடுத்தது அடிமரத்தில் தட்டுத் தட்டாக வளரும் கெட்டிக் காளான். வெளியே தெரிவது கொஞ்சம், உள்ளே வேர் ஏற்கெனவே போயிருக்கும். பிறகு கவை. இரண்டு வாதும் ஆங்கில ‘வி’ மாதிரி நெருங்கி, நடுவில் பட்டை மடிந்து உள்ளே போயிருந்தால் அங்கே கட்டை ஒட்டவே இல்லை. ஓசூர்த் தெருக்களில் மயில்கொன்றையை (குல்மோகர்) கூடுதலாகக் கவனியுங்கள், மேல்வேரும் மென்கட்டையும் அதன் பலவீனம். சில்வர் ஓக்கும் காற்றில் சட்டென முறியும். புளி அவ்வளவு எளிதில் விழாது. சாய்ந்ததைக் கம்பியால் சுற்றிக் கட்டினால் நாலு வருடத்தில் கம்பி பட்டைக்குள் இறங்கி மரத்தை நெரிக்கும். அகலப் பட்டை பெல்ட் போட்டு, வருடா வருடம் தளர்த்த வேண்டும்.

மனையில பழைய மரம் ஒண்ணு. அதை விட்டுட்டு வீடு கட்டலாமா?

மார்பு உயரத்தில் சுற்றளவு எடுத்து நாலால் பெருக்குங்கள். அந்த ஆரத்துக்குள்தான் மரத்தைத் தாங்கும் முக்கிய வேர்கள். 5 அடி சுற்றளவென்றால் 20 அடி. 30-க்கு 40 மனையில் அது முடியாத காரியம், எனவே ஒரு பக்கம் மட்டும் நெருங்குங்கள். இரண்டு மூன்று பக்கம் வேரை அறுத்தால் காற்றுக்கு நிற்காது. அந்தப் பக்கம் நீளமாகப் பள்ளம் எடுத்துப் போடும் அஸ்திவாரத்துக்குப் பதில் தூண் குழி எடுங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட வேர் வந்தால் குழியைத் தள்ளுங்கள். பொக்லைன் வேரை இழுத்துப் பிளக்கும், கையால் தோண்டச் சொல்லுங்கள்.

சரிவு மனைகளில் நடக்கும் கொலை வேறு விதம். தரையை மட்டமாக்க அடிமரத்தைச் சுற்றி இரண்டு அடி செம்மண் கொட்டுவார்கள். உணவு எடுக்கும் வேர் பெரும்பாலும் மேல் இரண்டு அடியில் இருக்கிறது. மண் ஏறினால் காற்று கிடைக்காமல் மூச்சு முட்டி, இரண்டு மூன்று வருடத்தில் மரம் உச்சியிலிருந்து காயும். அதற்குள் மண் கொட்டியதே மறந்துபோய், பூச்சி என்று மருந்தடித்துக்கொண்டிருப்பார்கள். சிமெண்டுக் கலவை கழுவிய தண்ணீரை வேரில் ஊற்றாதீர்கள். தளம் போடும்போது அடிமரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 1 மீட்டர் மண்ணாகவே விடுங்கள்.

கரண்டு கம்பியில உரசுது. நம்ம ஆளையே ஏத்தி வெட்டிடலாமா?

கம்பி 10 அடிக்குள் இருந்தால் கூடாது. பச்சைக் கிளை மின்சாரம் கடத்தும், ஈர நைலான் கயிறும் கடத்தும். மின்வாரியத்தில் சொல்லுங்கள், மின்னகம் எண் 94987 94987. லைன்மேன் எல்.சி. (லைன் கிளியர் என்ற அனுமதி) வாங்கி, லைனை நிறுத்தி, எர்த் செய்த பிறகே ஏற வேண்டும். தெருவில் விளக்கு அணைந்திருக்கிறது என்பதெல்லாம் கணக்கில்லை. வாரியத்து ஆட்கள் கம்பி மட்டத்துக்கு நறுக்கிவிட்டுப் போவார்கள். அந்த முட்டுகளை அதே எல்.சி. நேரத்திலேயே மூன்றாவது வெட்டாகச் சரி செய்துகொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.

என் பட்டா, என் மரம். யாரைக் கேக்கணும்?

மரத்தைப் பொறுத்தது. சந்தனம் உங்கள் பட்டாவில் தானாக முளைத்திருந்தாலும் நீங்களாக வெட்ட முடியாது, வனத்துறை வழியாகத்தான். ஈட்டி மரத்தையும் வனச்சரக அலுவலகத்தில் கேட்காமல் தொடாதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. தேக்கை வெட்டி லாரியில் ஏற்ற, 1968-ஆம் ஆண்டு மரம் கொண்டுசெல்லும் விதிகளின்படி அனுமதிச் சீட்டு கேட்பார்கள். மலைக்கிராமமாக அறிவிக்கப்பட்ட ஊரில் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பட்டா மரத்துக்கும் பொருந்தும். உங்கள் ஊர் அதில் வருகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.

வீட்டு வாசலில் ரோட்டோரம் நிற்பது நீங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்ததே ஆனாலும் அரசு நிலத்து மரம். அதை வெட்டும் கோரிக்கை மாவட்டப் பசுமைக் குழுவுக்குப் போக வேண்டும். ‘ஆபத்தான மரம்’ என்று மட்டும் எழுதாமல், மேலே சாய்வு பற்றிச் சொன்ன அறிகுறிகளில் எது இருக்கிறது என்று படத்தோடு எழுதினால், முழு மரமும் போகாமல் ஒரு வாதோடு காரியம் முடியவும் வாய்ப்புண்டு.

பக்கத்து வீட்டு மரக்கிளை நம்ம மாடிக்கு வருது. நம்ம எல்லை வரைக்கும் வெட்டிக்கலாம்தானே?

எல்லைக்கோட்டோடு வெட்டினால் நடுவாதில் முட்டு நிற்கும். மொட்டையடித்த கேள்வியில் சொன்ன அதே கதைதான்: அடுத்த மழைக்குக் கொத்தாகப் போத்து வரும், அதுவும் உங்கள் மாடிப் பக்கமே வளரும், முன்பைவிட அடர்த்தியாக. கிளை பிரியும் இடம் அவர்கள் காம்பவுண்டுக்குள் இருப்பதால் அவர்கள் சம்மதித்தால்தான் சரியான வெட்டு வைக்க முடியும். அவர்கள் வீட்டுப் படியேறிக் கேளுங்கள், ஆள் கூலி நாங்கள் தருகிறோம், கட்டை உங்களுக்கே என்று சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு, எல்லைக்கு இந்தப்புறம் பிரியும் பக்கக்கிளை வரை மட்டும் வெட்டுங்கள். காய் இருந்தால் பறித்து அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.